செண்பகவல்லி மேல் விழுந்த உறைபனி

உறைபனி புல்லின் மேல் விழும், வேலிக்கம்பியின் மேல் விழும், கொடியில் மறந்துபோய் விட்ட துண்டின் மேல் விழும், நிறுத்திவைத்த வண்டியின் கண்ணாடி மேல் விழும்; அந்த வருஷத்து மார்கழியில் மட்டும் டன்மோர் காலனியில் அது இவை எதன் மேலும் விழாமல், கோவில்பட்டியிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த செண்பகவல்லியின் மேல் விழுந்தது.

ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற சாலையில், யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே ஒரு சரிவில் இருக்கிறது டன்மோர் காலனி. வெள்ளைக்காரன் விட்டுப்போன தகரக்கூரை வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய புல்தரை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சொந்தமாக ஒரு சின்னப் புல்தரை. புல்தரை என்று நாம்தான் எழுதுகிறோம், அங்கே அதற்குப் பெயர் லான். வீட்டுக்குள் ஒட்டடை தொங்கினாலும் தொங்கும், லானில் ஒரு களை இருக்காது. கோடை விழாவுக்கு முன்னால் நடக்கிற வீட்டுத் தோட்டப் போட்டியில் காலனி வாங்கிய கோப்பைகள், காலனிக்காரர்களின் கல்யாணப் போட்டோக்களுக்கு மேலே மாட்டியிருந்த பலகைகளில் உட்கார்ந்திருந்தன. மற்ற ஊரில் பெண் பார்க்க வந்தால் பாடத் தெரியுமா என்று கேட்பார்கள், டன்மோரில் பிகோனியா வளர்க்கத் தெரியுமா என்று கேட்பார்கள்.

அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது, யாரும் எழுதிவைக்காத சட்டம், எல்லோருக்கும் மனப்பாடமான சட்டம். கார்த்திகை பிறந்ததும் எருப் போடுவதை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் தின்னக் கொடுத்தால் செடி இளந்தளிர் விடும், இளந்தளிரைத்தான் பனி முதலில் பிடிக்கும். டேலியாக் கிழங்கைத் தோண்டி மணல் மூட்டையில் போட வேண்டும். ஜெரேனியத் தொட்டிகளைச் சமையலறை ஜன்னலோரம் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஃபியூஷியாவைச் சுவரோரம் நகர்த்தி, கோத்தகிரிப் பக்கமிருந்து வெட்டி வருகிற மிலாறு என்னும் புதர்ச்செடியின் அடர்ந்த கிளைகளால் பொழுது சாயும் முன்பே மூடிவைக்க வேண்டும். புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. உறைபனி விழுந்த காலையில், வெயில் வந்து தொடுவதற்குள் பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விட்டுப் பனியைக் கரைத்துவிட வேண்டும், ஏனென்றால் கருக்குவது பனியல்ல, பனி இருக்கும்போதே வந்து விழுகிற வெயில். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உறைபனி பிடித்த எதையும் கையால் தொடக் கூடாது, காலால் மிதிக்கக் கூடாது, மிதித்தால் பாதம் பாதமாகப் புல் கருகிச் சித்திரை வரை அப்படியே கிடக்கும்.

இந்தச் சட்டத்துக்குக் காவல் டெய்சியம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலனிச் சங்கத்தின் தலைவி, பிள்ளைகள் இரண்டு பேரும் கடல் தாண்டிப் போய்விட்டதால் தனியாக இருந்தவர். அவர் தன் வீட்டு வாசலில் நின்று "ஹலோ" என்றால் கடைசி வீட்டில் காபி ஆற்றுகிறவர் கை நிற்கும். அந்தக் கடைசி வீட்டில்தான் மின்வாரியத்தில் வேலை பார்த்த சிவநேசன் இருந்தான். அவனும் கோவில்பட்டிக்காரன்தான், ஆனால் மலைக்கு வந்ததும் மலைக்காரர்களைவிட ஒருபடி மேலே போய்விட்டான். சட்டத்தை வரி பிசகாமல் ஒப்பித்தான், கம்பளித் தொப்பியை ஆடியிலேயே மாட்டிக்கொண்டான், போன வருஷம் லானுக்கு ஆறுதல் பரிசும் வாங்கிவிட்டான். ஆவணியில் செண்பகவல்லியைக் கட்டிக் கூட்டிவந்தபோது டெய்சியம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது இளஞ்செடி சிவா, வெயில்ல வளர்ந்தது. பனிக்காலத்துல பத்திரமாப் பார்த்துக்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள்.

மார்கழி பிறந்ததும் அவள் ஊர் வழக்கப்படி விடிவதற்கு முன்னால் எழுந்து, தலைக்குக் குளித்து, வாசலில் கோலம் போட உட்கார்ந்தாள். காலனிக்காரர்கள் பூவாளியும் ஹோஸுமாக வெளியே வந்தார்கள், லானைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பொட்டுப் பனி இல்லை. புல் பச்சைப் பசேலென்று நின்றது. வெளியிலேயே விட்டிருந்த பூசணிக் கொடிகூட வாடவில்லை. அப்போதுதான் கடைசி வீட்டு வாசலிலிருந்து கோலமாவுக் கிண்ணத்தோடு எழுந்து நின்றவளைப் பார்த்தார்கள். இமைகளில், புருவத்தில், ஈரக்கூந்தலில், முழங்கையில், புடவைக் கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது. கோலமாவு சிந்திவிட்டதாக நினைத்து அவள் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், அது உதிரவில்லை.

"குளிருதா புள்ள?" என்று கேட்டபடி சிவநேசன் ஓடிவந்தான்.

"குளிரலைங்க. ஒண்ணுமே தெரியல. அதான் பயமா இருக்கு" என்றாள் அவள்.

கோவில்பட்டிக்காரன் புத்தி அவனுக்கு அந்த நேரத்தில் திரும்பி வந்தது. குளிர்ந்தால் வெயிலில் நிற்க வேண்டும், அவ்வளவுதானே. அவள் சுண்டுவிரலைப் பிடித்து, யூகலிப்டஸ் மரங்களின் நடுவே அப்போதுதான் இறங்கிய வெயிலுக்கு இழுத்தான். டெய்சியம்மா தன் வாசலிலிருந்து போட்ட சத்தத்தில் காக்கைகள் எழுந்து பறந்தன. "வெயில்ல விடாதே சிவா! தொடாதே! தண்ணி, தண்ணி!" அதற்குள் விரல்நுனியில் வெயில் பட்டுவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நுனி பனியில் அடிபட்ட ஜெரேனிய இலை மாதிரி கருத்துச் சுருங்கியது.

அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. தெரிந்த வேலையைச் செய்தார்கள். அவளைச் சுவரோரம் துவைக்கிற கல்லின் மேல் நிற்கவைத்து, பூவாளியை உயரத் தூக்கி, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை மெதுவாக, வேகமில்லாமல், ஒரு இடம் விடாமல் தண்ணீர் விட்டார்கள். பனி கரைந்து ஓடியது. வெயில் வந்தபோது அவள் வெறும் ஈரமாக நின்று நடுங்கினாள். "இப்பத்தான் குளிருது" என்று சொல்லிவிட்டு அழுதாள். நடுங்கியதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. வீட்டுக்குள் பூட்டிக் கரியடுப்பு மூட்டிப் படுக்க வைத்தாலும் விடியும் நேரத்தில் பனி அவளைத் தேடிக்கொண்டு வந்தது. மிலாறுக் கிளைகளால் கூடாரம் கட்டி அதற்குள் உட்காரவைத்தார்கள், கிளைகள் காய்ந்தே இருந்தன, அவள் வெளுத்திருந்தாள். வெயில் படாமல் இருட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், பனி கரையாமல் தடித்துக்கொண்டே போய் அவளுக்கு மூச்சு முட்டியது. டவுன் டாக்டர் விரலுக்குக் களிம்பும், உடம்புக்கு நல்ல ஸ்வெட்டரும் எழுதிக் கொடுத்தார். கடைசியில் பூவாளிதான் வைத்தியம் என்று முடிவாயிற்று.

காலனி அதற்குப் பழகிய வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் வியப்பாக இருக்கும், ஆனால் அவர்கள் வியப்பதற்கு நேரமில்லாத ஜனங்கள். லானுக்கு முறை வைத்திருந்த மாதிரியே செண்பகவல்லிக்கும் முறை வைத்தார்கள். இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு. பெண்கள் அவள் முன்னால் நின்று தண்ணீர் விட்டார்கள், ஆண்கள் மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு ஹோஸைத் திறந்து மூடினார்கள். காதுமடலுக்குப் பின்னால் விட மறக்காதே, குதிகாலில் விட மறக்காதே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். மறந்த நாட்களும் இருந்தன. மறந்த இடத்தில் அவள் கருத்தாள், இடது காதின் ஓரம், வலது குதிகால், கழுத்தில் தாலிக்கயிறு படிந்திருந்த கோடு. ஒவ்வொரு முறை முடிந்ததும் சூடான கேழ்வரகுக் களி, அவரைக்காய்க் குழம்பு, கம்பளிச் சால்வை என்று எதையாவது கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கையில் கொடுக்கவில்லை. சட்டத்தின் கடைசி வரி எல்லோருக்கும் நினைவிருந்தது.

சிவநேசனுக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகமாக நினைவிருந்தது. சுண்டுவிரல் கருகியது வெயிலாலா அல்லது தான் தொட்டதாலா என்று அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் துணிச்சலும் இல்லை. அவன் வேறு அறையில் படுத்தான். சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிக் கொடுத்தான். செண்பகவல்லி கண்ணாடியில் பார்க்கும்போது தன் கன்னத்தைத் தானே தடவிக்கொள்வாள்.

தை பிறந்தது. இனிமேல்தான் காலனியின் கதை. மலையில் எல்லாச் சரிவுகளும் வெளுத்துக் கருகிய அந்தத் தையில், டன்மோரில் மட்டும் புல் இடுப்பை வளைத்து ஆடியது. மிலாறு வெட்டப் போகிறவர்கள் போகவில்லை. ஜன்னலோரம் இருந்த ஜெரேனியங்கள் திரும்ப வெளியே வந்தன. மணல் மூட்டையிலிருந்து டேலியாக் கிழங்கை எடுத்து மண்ணில் வைத்தார்கள், அது முளைத்துப் பூத்தேவிட்டது. ஒரு வீட்டில் பப்பாளி வைத்தார்கள், இன்னொரு வீட்டில் மதுரையிலிருந்து மல்லிகைப் பதியன் வந்தது. கார்த்திகையில் நிறுத்த வேண்டிய எருவைத் தையில் அள்ளி அள்ளிப் போட்டார்கள். போட்டியில் தையிலேயே டேலியா பூத்த தோட்டம் என்று பேர் வாங்கினால் அதற்கு முன்னால் எவன் நிற்பான்? தளிர் தளிராக எல்லாம் கொழுத்தது. கொழுத்ததற்குத் தாகமும் எடுத்தது, அதனால் சாயங்காலம் முழுக்க ஹோஸ்கள் ஓடின.

லானையும் செண்பகவல்லியையும் சேர்த்து யாரும் பேசவில்லை. பேசாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதைவிடப் பெரிய ஒன்றும் தெரிந்திருந்தது, அதைச் சொன்னவர் ஹாலன். ஊட்டிச் சந்தையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றுகிற மூடு வேன் வைத்துக்கொண்டு காலனியிலேயே குடியிருந்தவர், நீலகிரிப் படகர் இனத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஒருநாள் சங்கக் கூட்டத்தில் போட்டிக்கு எந்த வேலியை வெள்ளையடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது தன் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் புள்ளை ஊருக்குப் போயிட்டா, பனி எங்கீங்க போகும்?"

"புல்லுக்குத்தான் போகும்" என்றார் டெய்சியம்மா.

"மனுசங்க மேல விழுந்து பழகிடுச்சேங்க. புல்லுக்குப் போகும்னு என்ன நிச்சயம்?"

ஒவ்வொருவரும் தன் தன் வீட்டில் தூங்குகிற குழந்தையின் இமையை நினைத்துக்கொண்டார்கள். டெய்சியம்மாவுக்கு நினைக்க வேறு இமை இல்லை, தன் இமையைத்தான் நினைத்தார். தன் மேல் விழுந்தால் விடியற்காலையில் எழுந்து வந்து யார் தண்ணீர் விடுவார்கள் என்று அவர் மனம் கேட்ட கேள்விக்கு அவருக்கே பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தபடி இருந்தது.

தை பாதிக்கு மேல் பனி மோசமாயிற்று. முன்பெல்லாம் விடியலில் ஒருமுறை வரும், கழுவினால் போய்விடும். இப்போது கழுவிய தலை காய்வதற்குள் மறுபடி வெளுக்கத் தொடங்கியது, பத்து மணி வெயிலில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற பேச்செல்லாம் இல்லையென்று ஆகிவிட்டது. அவள் பேச்சும் மெதுவாயிற்று, ஒவ்வொரு வார்த்தையும் உதட்டிலிருந்து பிரிய நேரம் எடுத்தது.

"என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. இங்கன நான் செத்துப்போயிருவேன்" என்றாள் சிவநேசனிடம்.

அவன் ஹாலனிடம் ஓடினான். மூடிய வேனுக்குள் தார்ப்பாய் போட்டு, பீப்பாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டால் மேட்டுப்பாளையத்துச் சூட்டில் பனி ஏது? "வண்டி ரிப்பேருங்க சிவா சார், செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் ஹாலன். நாளைக்கும் ரிப்பேர்தான். நாளை மறுநாள் பேட்டரி. அதற்கடுத்து மெக்கானிக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். டவுனிலிருந்து வாடகை வண்டி கூப்பிடப் போனால், டெய்சியம்மா அவனை வழிமறித்து, அக்கறை வழிகிற குரலில் சொன்னார்: "பனிக்காலத்துல செடியை இடம் மாத்தக் கூடாதுப்பா, வேர் அறுந்துபோகும். மாசி வரட்டும். நாங்க இல்லையா, நாங்க பார்த்துக்க மாட்டோமா?" அதுவும் சட்டத்தில் உள்ள வரிதான். வரி பிசகாமல் ஒப்பித்தவனால் அதை எப்படி மறுக்க முடியும்? அவன் திரும்பி நடந்தான். அன்றைக்கு அவன் திரும்பி நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

மறுநாள் காலை முறை வீட்டுக்காரர் வந்து குழாயைத் திருகினார். குழாய் இருமியது. ஹோஸை உதறினார், இரண்டு சொட்டு விழுந்தது. அடுத்த வீட்டுக் குழாய், அதற்கடுத்த வீட்டுக் குழாய், பொதுத் தொட்டி, எல்லாம் காலி. முந்தின நாள் சாயங்காலம் பப்பாளிக்கும் மல்லிகைக்கும் டேலியாவுக்கும், கொழுத்துக் கிடந்த லானுக்கும் விட்டுத் தீர்த்திருந்தார்கள். செண்பகவல்லி துவைக்கிற கல்லின் மேல் நின்றிருந்தாள். அன்றைக்குப் பனி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது, கண் மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுக்குள் இருந்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். குடிக்கிற தண்ணீர்ச் சொம்பு, கெட்டிலில் ஆறிய வெந்நீர், ஃப்ளவர் வாஸில் இருந்த தண்ணீர், யாரோ வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த தீர்த்தம். ஊற்றிய கொஞ்சமும் அவள் மேலேயே உறைந்து இன்னும் ஒரு படலமாயிற்று. உள்ளே கொண்டுபோனால் மூச்சு நின்றுவிடும், வெளியே நின்றால் வெயில். வெயிலோ யூகலிப்டஸ் மரங்களிலிருந்து இறங்கி, பெரிய லானின் மேல் விளிம்பைத் தொட்டு, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"ஓடையில தண்ணி இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். ஹாலன் கேன்களைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வேன் உறுமிக் கிளம்பியது. அந்தச் சத்தம் காலனி முழுக்கக் கேட்டது. சிவநேசன் திரும்பிப் பார்த்தான், ஹாலனும் கண்ணாடி வழியே அவனைப் பார்த்தார், அவர் முகம் வெளுத்துவிட்டது. வேன் சரிவில் இறங்கி மறைந்தது. ஓடைக்குப் போய்த் திரும்புவதற்குள் வெயில் வந்துவிடும் என்று ஓட்டுகிறவருக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கும் தெரியும்.

எல்லோரும் காலிப் பூவாளியைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நின்றார்கள். சிலர் ஜெபம் செய்தார்கள். சிலர் குழந்தைகளை உள்ளே போகச் சொன்னார்கள். அப்போது செண்பகவல்லியின் உதட்டில் பனி லேசாக விரிசல் விட்டது.

"ஏங்க. தொடுங்க."

சிவநேசன் ஒரு அடி பின்னால் வைத்தான். "கருகிரும் புள்ள. தொடக் கூடாது."

"கருகினாக் கருகட்டும். மார்கழியிலருந்து என்னைய ஒரு மனுசர் தொடல. எனக்குப் பயமா இருக்குங்க. தொட்டுட்டாவது இருங்க."

அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கிணற்றில் குதிக்கிறவன் மாதிரி இரண்டு கையாலும் அவள் கைகளைப் பிடித்தான். பனி அவன் விரல்களுக்குத் தாவியது, மணிக்கட்டைக் கடித்தது, முழங்கைக்கு ஏறியது. அவன் கத்தினான், ஆனால் விடவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவன் பிடித்திருந்த இடத்தில் அவள் தோல் ஈரமாக, மாநிறமாகத் தெரிந்தது. கருகவில்லை. பனி அவன் மேல் வந்து, அவன் உடம்புச் சூட்டில் தண்ணீராகி, முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கன்னத்தைப் பிடித்தான், கன்னம் வந்தது. கழுத்தைப் பிடித்தான், கழுத்து வந்தது. தோளுக்கு வரும்போது அவன் உதடு நீலமாகிவிட்டது, பல் அடித்துக்கொண்டது, விரல்கள் மடங்கவில்லை. ஒருவனிடம் இருக்கிற சூடு ஒரு பெண்ணின் உடம்பு முழுமைக்கும் போதாது. "யாராவது வாங்க" என்றான். வெயில் பெரிய லானின் பாதிக்கு வந்திருந்தது. "டெய்சியம்மா! யாராவது வாங்கம்மா!"

வட்டம் அசையவில்லை. இத்தனை நாளும் யார் மேல் போய் விழும் என்று பயந்தார்களோ, அந்தப் பனி இப்போது தாவுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. டெய்சியம்மா தன் கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, "என்னால முடியாதுப்பா, நான் தனியா இருக்கேன், நான் தனியா இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே நடந்து வந்தார். எப்படி நடந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்து மண்டியிட்டு, ஸ்வெட்டருக்குள்ளிருந்து கைகளை எடுத்து, செண்பகவல்லியின் கருகிய குதிகாலோடு இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். "ஐயோ கர்த்தரே, கர்த்தரே" என்று அலறினார், பிடித்த பிடியை விடவில்லை.

அவர் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரும் அல்ல. வந்தவர்கள் ஆளுக்கொரு இடமாகப் பிடித்தார்கள், ஒருவர் முதுகை, ஒருவர் முழங்காலை, ஒருவர் கூந்தலைப் பிடித்துப் பிழிந்தார். ஒவ்வொருவர் மேலும் பனி கொஞ்சம் ஏறியது, ஒவ்வொருவரும் கத்தினார்கள், ஒவ்வொருவர் மேலும் அது கரைந்தது. பங்கு போட்டபோது அது அப்படியொன்றும் தாங்க முடியாத பனியாக இல்லை. வெயில் வந்து அவர்கள் எல்லோர் மேலும் விழுந்தபோது துவைக்கிற கல்லைச் சுற்றி நனைந்துபோன ஒரு கும்பல் அழுதுகொண்டு நின்றது, நடுவில் செண்பகவல்லி பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் உறைபனி புல்லின் மேல் விழுந்தது. டேலியாவின் மேல், ஜெரேனியத்தின் மேல், பப்பாளியின் மேல், எரு தின்று கொழுத்த ஒவ்வொரு தளிரின் மேலும், அதுவரை விழாததையெல்லாம் சேர்த்து விழுந்தது. தொட்டியில் தண்ணீர் வந்திருந்தது, ஆனால் பூவாளியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் டன்மோர் காலனி கரிக்கட்டையாகிவிட்டது.

ஹாலனின் வேன் கடைசி வீட்டு வாசலில் நின்றது. ஹாலன் தானாகவே கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்துவைத்திருந்தார். சிவநேசன் பெட்டியை ஏற்றினான். செண்பகவல்லி அவன் கையைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தாள். காலனி தள்ளி நின்றது. டெய்சியம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "சித்திரையில வந்துடும்மா. எல்லாம் மறுபடி தழைச்சிடும்" என்றார்.

செண்பகவல்லி அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, உள்ளங்கையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்ல வெதுவெதுப்பா இருக்கும்மா ஒங்க கை. இந்தக் கையிலயா இத்தனை நாளும் பூவாளியப் பிடிச்சிட்டு நின்னீங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள், டெய்சியம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் வேன் திரும்பிவிட்டது. சித்திரை வந்தது, புல் தழைத்தது, கடைசி வீட்டுக்கு வேறு ஆட்கள் குடிவந்தார்கள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு டன்மோரில் பனிக்காலம் முழுக்க ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் யாரும் லானைப் பார்க்கப் போவதில்லை. முதலில் இருட்டில் கையை நீட்டிப் பக்கத்தில் படுத்திருப்பவரின் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்; புருஷன் பெண்டாட்டியை, தாய் பிள்ளையை, பிள்ளை தாத்தாவை; இமை நனைந்திருந்தால் நெஞ்சு நின்று, அது வெறும் கண்ணீர் என்று தெரிந்த பிறகு மூச்சு விடுகிறார்கள். டெய்சியம்மா வீட்டில் தொட ஆள் இல்லை. அதனால் அவர் விடியும் முன்பே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்து, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார். சந்தைக்கு வண்டி எடுக்கப் போகிற ஹாலன் அந்தக் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்லீங்கம்மா, உள்ள போங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஹாலன் சந்தைக்குப் போகாத நாட்களும் இருக்கின்றன. அந்த நாட்களில் டெய்சியம்மா யாராவது வரும்வரை அப்படியே நிற்கிறார், மலைமேல் வெயில் இறங்கத் தொடங்கியிருக்கும், அவர் யாரையும் கூப்பிட மாட்டார்.